நாற்பத்தோராம் பாடம்

வேலைக்கான மனு போய்விட்டது. போன திங்கட்கிழமை, கணவர் கட்டட சைட்டுக்குக் கிளம்பிய பிறகு, மகள் தட்டச்சு செய்ய, கடைசிப் பொத்தானை இஸ்திரியக்கா தன் கையாலேயே அமுக்கினாள். பிரெஞ்சு பேசுகிற ஒரு நாட்டில், பெரிய முதியோர் இல்லம் ஒன்றின் சலவைக்கூடத்தில் இரண்டு வருட வேலை. நாலே நாளில் பதில் வந்தது. இந்தத் திங்கள் மதியம் மூன்று மணிக்கு வீடியோவில் வாய்மொழித் தேர்வு. இருபது நிமிடம். முழுக்கப் பிரெஞ்சு.

வீட்டில் இருப்பது மூன்று பேர். விஷயம் தெரிந்தது இரண்டு பேருக்கு. மூன்றாவது ஆள் நாற்பது மீட்டர் உயரத்தில், கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து இரும்புக் கம்பி தூக்கிக்கொண்டிருந்தார். சொல்லலாம், சொல்லலாம் என்று தாயும் மகளும் ஒரு வாரத்தைத் தள்ளிவிட்டார்கள்.

இன்று அந்தத் திங்கள்.

லாண்டரியில் காலை ஐந்து மணி ஷிப்ட். இஸ்திரியக்கா சூட்டு உருளைக்கு முன்னால் நின்றாள். ஆஸ்பத்திரித் துணி. துவைத்து வந்ததில் ரத்தம் போயிருக்கும், மஞ்சள் போயிருக்காது. விரிப்பின் இரண்டு முனையை இரண்டு பேர் பிடித்து, சுருக்கமில்லாமல் உருளைக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் சுடச்சுட வெளியே வரும். விரல் கூடவே போனால் உருளை நிற்காது. பதினாறு வருடமாக அவள் விரலை எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

தலைத் துணிக்குள் இடது காதில் ஒற்றை இயர்போன். சூப்பர்வைசருக்குத் தெரியும். தெரியாத மாதிரி போவான்.

திங்கள் காலை ஆறு மணிக்கு மகளின் பாட்காஸ்ட் வெளியாகும். பெயர் 'காதுவழி பிரெஞ்சு'. மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு மொழிப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவள் மகள். பள்ளி வகுப்பைக் குறைத்தபோது முதலில் குறைந்தவளும் அவள்தான். வீட்டுத் துணி அலமாரியைக் காலி செய்து, உள்ளே போர்வை அடித்து, ஒரு ஸ்டூலும் மைக்கும் போட்டாள். ஒவ்வொரு பாடமும் ஒரே வாக்கியத்தில் தொடங்கும்: "கைக்கு வேலை இருக்கட்டும், காதை மட்டும் கொடுங்க."

கொடுத்தவர்கள் எல்லாம் அப்படிப்பட்டவர்கள்தான். டிரைவர்கள், நர்சுகள், ஓட்டல் பின்கட்டில் தட்டுக் கழுவுகிறவர்கள். அவர்கள் விரும்பியது டீச்சரை அல்ல, பாடத்தில் வரும் மாணவியை. மாணவி இஸ்திரியக்கா. 'அக்கா இந்த வாரமும் தப்பு விடணும், அக்கா தப்பு விட்டாத்தான் எங்களுக்குப் புரியுது' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

மகள் பிரெஞ்சில் ஒரு கேள்வி கேட்பாள். அம்மா தட்டுத் தடுமாறிப் பதில் சொல்வாள். மகள் திருத்துவாள். பிறகு தமிழில் அர்த்தம். கேள்விகள் உண்மையான கேள்விகள். நேற்று என்ன செய்தீர்கள், யாரோடு சண்டை போட்டீர்கள். பதில்களும் உண்மையானவைதான். அதனால் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். வெளியே போகக் கூடாததைச் சொல்லிவிட்டால் அம்மா ஒரு முறை கை தட்டுவாள். திரையில் ஓடும் ஒலிக்கோட்டில் அந்த இடம் ஊசி மாதிரி எழும்பி நிற்கும். மகள் ஊசியைப் பார்த்து, அதற்கு முன்னால் இருப்பதை வெட்டி எறிவாள்.

நாற்பது பாடம். ஒரு முறை கூடப் பிசகவில்லை.

எட்டு மணி சுமாருக்கு இஸ்திரியக்காவின் காதில் மகள் கேட்டாள்: அடுத்த வருடம் எங்கே இருப்பீர்கள்?

அவள் குரலே பதில் சொன்னது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. பின்னாலேயே மகளின் தமிழ்:

"அடுத்த வருஷம் நான் வேற நாட்டுல இருப்பேன். ஒரு அறை. ஒரு தட்டு. என் கதவுக்கு நானே சாவி. என் புருஷனுக்கு இது தெரியாது. தெரியும்போது நான் போயிருப்பேன்."

விரிப்பின் முனை கையிலிருந்து நழுவியது. உருளை அதைக் கோணலாக இழுத்துக்கொண்டு போனது.

"ஏய், ஏய்! பிடி!" எதிர்முனைக்காரி கத்தினாள். நிறுத்தும் கம்பியை யாரோ மிதித்தார்கள். உருளை நின்றது. பதினாறு வருடத்தில் முதல் தடவை, இஸ்திரியக்காவால் நின்றது.

ப்ளீச் பீப்பாய்கள் அடுக்கிய அறைக்குள் போய் மகளைக் கூப்பிட்டாள்.

"பாடத்த எடு."

"எந்தப் பாடம்மா?"

"இன்னிக்குப் போட்டது. எடு. இப்பவே எடு."

"ஏன், என்னாச்சு?"

"நான் கை தட்டினேன்டி! அடுத்த வருஷம்னு கேட்டியே, அங்க. நீ தமிழ்ல சொல்லி முடிச்சதும் நல்லா சத்தமா தட்டினேன். உள்ளங்கை எரிஞ்சுது."

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம். பிறகு மகளின் மூச்சு.

"கைதட்டு இல்லம்மா. கோடு நேரா கெடக்கு."

"அது எப்படி இல்லாம போவும்?"

"மேல் மாடியில டிரில்லு போடுறான்ல, ரெண்டு வாரமா. அந்தச் சத்தத்த எடுக்கப் புதுசா ஒரு சாஃப்ட்வேர் போட்டேன். அது டிரில்லோட சேத்து கைதட்டையும் சத்தம்னு நெனச்சு தொடச்சிருச்சு. நான் ஊசி ஏதாவது நிக்குதான்னு பாத்தேன். நிக்கல. ஏத்திட்டேன்."

"ஏத்துறதுக்கு முன்னால ஒரு தடவ கேக்கலியா நீ?"

ஊருக்கெல்லாம் காதால் படிக்கச் சொல்லிக் கொடுப்பவள், கண்ணால் வெட்டியிருந்தாள்.

"எத்தன பேரு கேட்டாங்க?"

"முன்னூத்தி எம்பத்தாறு. இதோ, எடுத்துட்டேன். ஆனா போன்ல எறங்குனது எறங்குனதுதான்மா."

"ஐயோ."

"பதறாத. அப்பா எங்க இதெல்லாம் கேக்குறாரு? மூணு மணிக்குத் தேர்வு. அத மட்டும் நெனை."

திரும்பி வந்தபோது உருளை ஓடிக்கொண்டிருந்தது. வெளிவரும் துணியை வாங்கி மடிக்கிறவள் இவளையே பார்த்தாள். முதல் பாடத்திலிருந்து கேட்கிறவள். பிரெஞ்சில் எண்ணிக்கொண்டுதான் தலையணை உறை அடுக்குவாள்.

"அக்கா, இந்த வாரம் நல்லா பேசியிருக்க."

"எதுவரைக்கும் கேட்ட?"

"நீ போற வரைக்கும்."

இஸ்திரியக்கா ஒரு விரிப்பை எடுத்து உதறினாள். "யார்கிட்டயாவது சொன்னியா?"

"என் வாய் என்ன துவைக்கிற மெஷினா, போட்டதும் சுத்துறதுக்கு? நான் சொல்ல மாட்டேன். ஆனா ஈரத்துணி பக்கம் ரெண்டு பேரு கேக்குறாங்க. அவளுங்க வாய்க்கு நான் ஜவாப்தாரி இல்ல."

"ம்."

"உண்மையாவே போறியாக்கா?"

"மூணு மணிக்குத் தெரியும்."

"போ. போயி எனக்கும் ஒரு எடம் பாத்து வை. எம் புருஷனுக்கும் தெரியாமதான் வரணும், ஆனா அவனுக்குத் தெரிய ஆறு மாசமாவது ஆவும்."

இஸ்திரியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. ஒரு மணி வரைக்கும் எத்தனை விரிப்பு போனது என்று தெரியாது. எல்லாவற்றிலும் மூலை மடங்கியிருந்ததாகச் சூப்பர்வைசர் எழுதி வைத்தான்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவி, வேறு உடுப்பு மாற்றி, அலமாரிக்குள் உட்கார்ந்தபோது மணி இரண்டு. மகள் அதற்குள் வீட்டையே ஒரு பரீட்சை மண்டபமாக்கியிருந்தாள். ஃபிரிட்ஜின் இணைப்பைப் பிடுங்கியாயிற்று. மேல் மாடிக்காரனிடம் கெஞ்சி, மூன்றிலிருந்து மூன்றரை வரை துளை போடுவதில்லை என்று வாக்கு வாங்கியாயிற்று. ஸ்டூலில் உட்கார்ந்தால் முகம் தெரிகிற உயரத்துக்குக் கணினி ஏறியிருந்தது.

"உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்க," மகள் பிரெஞ்சில் கேட்டாள்.

இஸ்திரியக்கா வாயைத் திறந்தாள். ஒரு சொல்லும் வரவில்லை.

"அம்மா."

"வர மாட்டேங்குது."

"நாப்பது வாரமா இதத்தான சொல்ற? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவியே."

"காலைல இருந்து அந்த ஆறு வாக்கியம்தான் காதுக்குள்ள ஓடுது. வேற எதுவும் ஒட்ட மாட்டேங்குது. வேணாம்டி. ஒடம்பு சரியில்லன்னு எழுதிப் போடு."

"எழுத மாட்டேன்."

"நீதான எல்லாத்தையும் கெடுத்த? எழுது."

மகளின் முகம் சுண்டியது. "கெடுத்தேன். ஒத்துக்கறேன். அதுக்காக நீயும் கெடுக்கணுமா? இன்னொரு தடவ கூப்பிட மாட்டாங்கம்மா. அம்பது வயசுக்கு மேல எடுக்க மாட்டோம்னு அவங்க கடிதத்துலயே இருக்கு. உனக்கு அம்பது ஆக நாலு மாசம் இருக்கு."

அது இஸ்திரியக்காவுக்குத் தெரியும். தண்ணீர் கேட்டாள். மகள் கொண்டு வந்தாள். பாதி குடித்தாள், பாதி புடவையில் கொட்டிக்கொண்டாள்.

இரண்டு முப்பத்தைந்துக்குக் கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

கிரேன் ஓட்டும் பதினெட்டு வருடத்தில் அவர் மாலை ஆறுக்கு முன்னால் இறங்கி வந்தது காற்றடித்த நாட்களில் மட்டும்தான். இன்று வெளியே ஒரு இலை அசையவில்லை.

கிரேன்காரர் செருப்பைக் கழற்றவில்லை. கையில் மஞ்சள் தொப்பி. அலமாரியையும், அதற்குள் மடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்த மனைவியையும், எரிகிற திரையையும் பார்த்தார்.

"எத்தன மணிக்கு?" என்றார்.

மகளின் கண் திரையில் இருந்த கடிகாரத்துக்குப் போனது.

"வேற நாடுன்னா சும்மா ஏறிப் போயிர முடியாது. ஏதோ ஒரு தேர்வு இருக்கும். அலமாரிக்குள்ள இந்த நேரத்துல உக்காந்திருந்தா இன்னிக்குத்தான் இருக்கணும். எத்தன மணிக்கு?"

"அப்பா," மகள் முன்னால் வந்தாள். "நீங்க... அத யாரு சொன்னா உங்களுக்கு?"

"நீதான் சொன்ன. பத்து மணி டீக்கு."

"பாட்காஸ்டா? நீங்க எப்படி..."

"போன்ல தானா எறங்கும். மேல ஏறிட்டா டீக்குன்னு எவன் எறங்கி ஏறுவான்? கூண்டுலயே உக்காந்து கேப்பேன். நாப்பத்தோரு வாரமா கேக்குறேன்."

"ஒரு நாள் கூடச் சொல்லலியே!"

"சொன்னா நிறுத்திருவீங்க. இல்லன்னா பாத்துப் பேசுவீங்க." தொப்பியை மேசைமேல் வைத்தார். "வீட்டுல இவ பேசுறதே 'சாப்பிட வாங்க', 'லைட்ட அணைங்க', இவ்ளோதான். அதுல ஒரு வாரத்துக்கு அரை மணி நேரம் பேசுறா. சிரிக்கிறா. எதிர்வீட்டுக்காரிய திட்டுறா. சின்ன வயசுல ஆத்துல குளிச்சது எல்லாம் சொல்றா. இருவத்தேழு வருஷத்துல எங்கிட்ட சொன்னதில்ல. அதான் கேட்டேன்."

இஸ்திரியக்கா நிமிரவில்லை.

மகளுக்கு ஒரு வழி தோன்றியது. அவசரத்தில் தோன்றுவது எல்லாம் பொய்யாகத்தான் இருக்கும்.

"அப்பா, அது பயிற்சி வாக்கியம்ப்பா! அடுத்த வருஷம், அடுத்த மாசம்னு வர்ற மாதிரி நாலு வாக்கியம் சொல்லச் சொன்னேன். அம்மா வாய்க்கு வந்தத சொன்னா. ஒரு பாடத்துல 'எங்கிட்ட மூணு குதிரை இருக்கு'ன்னு கூடத்தான் சொன்னா. குதிரை இருக்கா நம்மகிட்ட? இந்தத் தேர்வும் சும்மா ஒரு சர்டிபிகேட்டுக்கு. வீட்லயே வெச்சுக்கலாம்."

நல்ல பொய். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. கிரேன்காரரின் தோள் ஒரு விரற்கடை இறங்கியது. அவர் அதை நம்பத் தயாராக இருந்தார். மனைவி தலையை மட்டும் ஆட்டினால் போதும்.

"அப்படியா?" என்று அவளிடம் கேட்டார். "பயிற்சிக்குச் சொன்னதா?"

திரையின் மூலையில் இரண்டு ஐம்பது.

"இல்ல," என்றாள் இஸ்திரியக்கா. "நெனச்சுத்தான் சொன்னேன்."

"அம்மா!"

"நீ சும்மா இரு." இப்போது நிமிர்ந்தாள். "மூணு வருஷம் முந்தி ஷிப்ட் பொறுப்பு எனக்குத் தரேன்னு லாண்டரிலருந்து போன் வந்துச்சு. நான் குளிச்சிட்டிருந்தேன். நீங்க எடுத்தீங்க. 'அவளுக்கு அதெல்லாம் ஒத்து வராது'ன்னு சொல்லி வெச்சுட்டீங்க. அடுத்த நாள் உருளைக்கு முன்னாடி நிக்கும்போது சூப்பர்வைசர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

"உன் முதுகுவலிக்காகச் சொன்னேன். உன் நல்லதுக்கு."

"இருக்கலாம். நல்லதாவே இருக்கட்டும். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? டாக்டர் 'எங்க வலிக்குது'ன்னு என்னைக் கேட்டா நீங்க சொல்றீங்க. கல்யாண வீட்டுல 'இன்னும் வேணுமா'ன்னு என்னைக் கேட்டா நீங்க போதும்ங்கறீங்க. இந்த அலமாரிக்குள்ளதான் ஒருத்தி என்னைக் கேள்வி கேட்டுட்டு, நான் சொல்ற வரைக்கும் வாய மூடிட்டு இருந்தா. அது பெத்த பொண்ணுதான். இருந்தாலும் என்னைக் கேக்குறது எனக்குப் பழகிப் போச்சு."

அவர் கை அசைந்தது. நெம்புகோல் பிடித்துப் பழகின கை, பிடிக்க எதுவும் இல்லாமல் திறந்து மூடியது.

"அதுக்காகத் தெரியாம போயிருவியா?"

"சொன்னா போக முடியாதுன்னு நெனச்சேன். தப்புதான். அதுல எனக்கு வெக்கமா இருக்கு. போகணும்னு நெனச்சதுல இல்ல."

கணினி மணி அடித்தது. அழைப்பு. ஏழு நிமிடம் முன்னாலேயே கூப்பிடுகிறார்கள்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். இஸ்திரியக்கா யாரையும் பார்க்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அலமாரிக் கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினாள்.

போர்வை அடித்த கதவுதான். ஆனால் உருளைச் சத்தத்துக்கு மேலே பேசிப் படித்த மொழி அது. "போன்ழூர் மதாம்!" என்று அவள் சொன்ன வணக்கம் கூடத்தில் தெளிவாக விழுந்தது. கணினியோடு இணைத்த இன்னொரு ஹெட்போனில் மகளுக்கு அந்தப் பக்கமும் கேட்டது. தேர்வாளர் சிரித்தார். நன்றாகவே கேட்கிறது, மெதுவாகப் பேசலாம் என்றார்.

கிரேன்காரர் ஒரு நாற்காலியை இழுத்து, கதவுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். காவலுக்கா, மறிப்புக்கா என்று மகளுக்குப் புரியவில்லை.

முதல் கேள்வி வேலையைப் பற்றி. மகள் நகத்தைக் கடித்தாள். உள்ளே ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு வந்தது. ரத்தக்கறைக்குக் குளிர்ந்த தண்ணீர், வெந்நீர் பட்டால் கறை இறங்காது. ஈரம் எவ்வளவு இருந்தால் உருளைக்குக் கொடுக்கலாம். தொற்று நோயாளி துணிக்குத் தனிப் பை. தப்புகள் இருந்தன. அவள் தப்புகளின்மேல் ஏறி மிதித்துக்கொண்டு போனாள்.

"என்ன சொல்றா?" அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கறைய பத்தி."

"நல்லா சொல்றாளா?"

"ரொம்ப நல்லா சொல்றாப்பா."

அவர் தலையாட்டினார். கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது, அதை உடனே துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது கேள்வி, ஏன் இங்கே வர விரும்புகிறீர்கள். இந்த முறை உள்ளிருந்து வந்த பதிலில் 'மோன் மாரி' என்ற சொல் இரண்டு தடவை வந்தது.

"அது எனக்குத் தெரியும்," என்றார். "புருஷன். ஆறாம் பாடம். என்னைப் பத்தி என்ன சொல்றா?"

"அப்பா..."

"வாராவாரம் அர்த்தம் சொல்றல்ல? சொல்லு."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். "என் புருஷன் நல்லவர். உழைக்கிறவர். எனக்காக எல்லாத்தையும் அவரே முடிவு பண்ணிடுவார். நான் எதை முடிவு பண்ணுவேன்னு எனக்கே தெரியாது. அதத் தெரிஞ்சுக்கத்தான் வரேன்."

அவர் விரல்களைக் கோத்து, பிரித்து, மறுபடி கோத்தார்.

மூன்றாவது கேள்வி வந்தபோது மகளின் முகம் மாறியதை அவர் பார்த்தார். போன வருடம் எடுத்த இரண்டு பேர் குடும்பத் தகராறில் பாதியில் திரும்பிவிட்டார்கள், அதனால் கேட்க வேண்டியிருக்கிறது என்று தேர்வாளர் சொன்னார். உங்கள் கணவருக்கு இதில் சம்மதமா?

உள்ளே பேச்சில்லை. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். நாலு. ஏழு. பத்து. தேர்வாளர் தொண்டையைச் செருமினார்.

அலமாரிக் கதவு திறந்தது.

இஸ்திரியக்காவின் நெற்றி வேர்த்து, முடி ஒட்டியிருந்தது. பின்னால் திரையில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி காத்திருந்தார். கேமரா கணவன் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் சேர்த்துக் காட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க," என்றாள், தமிழில். குரல் உடையவில்லை. "உங்க வீட்டுக்காரருக்குச் சம்மதமான்னு கேக்குறாங்க. பொய் சொல்லிட்டுப் போக எனக்கு இஷ்டமில்ல. உங்களுக்காக நான் பதில் சொல்றதாவும் இல்ல. இதோ இருக்கு மைக்கு. நீங்களே வந்து சொல்லுங்க."

"அம்மா, நேரம் ஓடுது!"

"ஓடட்டும்."

அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து, அலமாரியின் ஓரமாக ஒண்டி இடம் விட்டாள்.

வேண்டாம் என்பதற்கு அந்த மொழியில் ஒரே ஓர் அசை போதும். மகள் அதை முதல் பாடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

கிரேன்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார்.